கண்டியூர் தாண்டினால் இருட்டு: பைக்குக்கு எக்ஸ்ட்ரா லைட் போட்ட அனுபவம்

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இரண்டாம் ஷிப்ட் முடித்து, அடுத்து வருபவரிடம் சாம்பிள்களை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப இரவு பத்தரை ஆகிவிடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று மூன்று பாலம் தாண்டிக் கண்டியூர் வரை ஒரு கவலையும் இல்லை. கடை வெளிச்சம் இருக்கும், முன்னாலும் பின்னாலும் வண்டிகள் இருக்கும். கண்டியூரில் இடதுபக்கம் திருக்காட்டுப்பள்ளி சாலையில் திரும்பியதும்தான் உண்மையான இருட்டு. ஒரு பக்கம் குடமுருட்டி, மறுபக்கம் வயலும் வாழைக்கொல்லையும். ஊருக்கு ஊர் நாலைந்து தெருவிளக்கு, நடுவில் ஒன்றுமே கிடையாது. நடுக்காவேரி தாண்டி எங்கள் ஊர். ஏழு வருடமாக இதே வழிதான்.

நான் ஓட்டுவது 125 சிசி பைக். ஹெட்லைட்டில் 35 வாட் ஹாலஜன் பல்பு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன பைக்குகளில் இருப்பது இதுதான். நான்கு வருடம் இந்த வெளிச்சத்திலேயே ஓட்டினேன், பழகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம். சம்பா அறுவடை முடிகிற நேரம். எங்கள் பக்கம் களம் போதாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பது கஷ்டம், அதனால் ஆளாளுக்கு ரோட்டில்தான் காயப்போடுவார்கள். எங்கள் வீட்டு நெல்லும் அங்கே காய்ந்ததுதான், யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பொழுது சாய்ந்ததும் நெல்லை ஓரமாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு மூடியிருந்தது கறுப்புத் தார்ப்பாய். மேலே பனி இறங்கி நனைந்திருந்தது. எதிரே ஒரு கார் வந்ததால் நான் டிம்மில் இருந்தேன். கார் கடந்த அடுத்த நொடி, முன்சக்கரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் தலையளவு கருங்கல் ஒன்று தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் குவியலே தெரிந்தது. வண்டியை ஒடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கல்லில் ஏறி விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போய் ஐந்து வாரம் மாவுக்கட்டு.

கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். அன்றைக்கு வேகம் 55 இருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் வண்டி ஓடுகிறது. ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 23 மீட்டர் போய்விடும். நல்ல காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 23 மீட்டர். மொத்தம் 46. டிம் வெளிச்சத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தால் என் கண்ணுக்கு 30 மீட்டருக்கு முன்னால் தெரியாது. அப்படியென்றால் நான் பார்த்தபோதே காலம் கடந்துவிட்டது. அதே கணக்கை 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் 29 மீட்டரில் வண்டி நிற்கிறது. அன்றைக்கு 40-ல் போயிருந்தால் என் கை உடைந்திருக்காது. லைட்டைப் பற்றி எழுத வந்தவன் வேகத்தைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த லைட்டை மாட்டினாலும், அந்த வெளிச்சத்தின் எல்லைக்குள் நிற்க முடிகிற வேகம்தான் நம்முடைய வேகம்.

கட்டுப் பிரித்ததும் செய்த முதல் காரியம் தவறான காரியம். தஞ்சாவூரில் பைக் சாமான் கடைக்குப் போய், இருப்பதிலேயே பளிச்சென்று எரிகிற எல்இடி பார் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தது. கடை வாசலில் எரிய விட்டதும் எதிர்ச் சுவர் முழுக்க வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. விலை 700 ரூபாய். லெக் கார்டில் மாட்டி, ஹேண்டில் பாரில் தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்கள். அன்று இரவு கண்டியூர் திரும்பியதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னால் இருக்கிற ரோடு பகலாகத் தெரிந்தது. புல் தெரிந்தது, வாய்க்கால் தண்ணீர் தெரிந்தது, புளியமரத்துக் கிளை தெரிந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. எதிரே எந்த வெளிச்சமும் இல்லை என்று பாரை எரியவிட்டே வந்துகொண்டிருந்தேன். வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு சைக்கிள். வயலுக்கு மோட்டார் போட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு பெரியவர், சைக்கிளில் விளக்கில்லை. அவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். அடுத்த கணம் சைக்கிள் தாரை விட்டு இறங்கி, கரைச் சரிவில் சறுக்கி, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரில் சாய்ந்தது. அந்தப் புதர் மட்டும் இல்லையென்றால் அவர் வாய்க்காலில் விழுந்திருப்பார். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. என்னைத் திட்டக்கூட இல்லை.

“ரெண்டு கண்ணும் அவிஞ்ச மாதிரி ஆயிடுச்சு தம்பி. ரோடு எது, வாய்க்கா எதுன்னே தெரியல.”

“மன்னிச்சுக்குங்கய்யா” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, வளைந்த மட்கார்டை நிமிர்த்திக் கொடுத்து, அவர் வீட்டு வாசல் வரை வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே போனேன். மறுநாள் காலையிலேயே அந்த பாரைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நிதானமாக விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், வயதானவர், லாரி வயரிங்கில் முப்பது வருடப் பழக்கம். நல்ல எக்ஸ்ட்ரா லைட் ஒன்று சொல்லுங்கள் அண்ணே என்று போய் நின்றேன். அவர் என் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இருக்கற லைட்டே முழுசா எரியல, அதுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு தம்பி?” என்றார். மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் கொடுக்கச் சொல்லி, பேட்டரியில் அளந்தார். 13.5 வோல்ட். பல்பு ஹோல்டரில் அளந்தார். 12.1. இடையில் இருக்கிற மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், பாசி பிடித்த கனெக்டர் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிட்டன.

ஒன்றரை வோல்ட்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் இழை எரிகிற பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ஆக, கம்பெனி கொடுத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு வந்து சேரவே இல்லை. ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து நேராகக் கொஞ்சம் தடித்த வயர் இழுத்து, கனெக்டரைச் சுத்தம் செய்து, உள்ளே கறுத்துப்போன பல்பை மாற்றினார். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. என் பைக்கில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவது, அதனால் இது முடிந்தது. ஐடிலில் ஹெட்லைட் மங்கி, ரேஸ் கொடுத்தால் பளிச்சென்று ஆகிற பழைய பைக்குகளில் லைட் நேராக எஞ்சினிலிருந்து எரிகிறது. அவற்றில் இதைச் செய்ய சார்ஜிங் பக்கமே மாற்றம் வேண்டும், தெரிந்தவர் கையில் கொடுப்பதுதான் சரி.

அப்போதே இன்னொன்றும் கேட்டேன். ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு அதே ஹோல்டரில் எல்இடி பல்பு போட்டால் என்ன? வேண்டாம் என்றார், காரணமும் சொன்னார். ஹெட்லைட்டுக்குள் இருக்கிற கிண்ணம் இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்துக்குக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்இடி சில்லு அந்த இடத்தில் அச்சாக உட்காராவிட்டால் வெளிச்சம் மேலும் கீழும் சிதறிவிடும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று இருக்கும், தூரம் போகாது, எதிரே வருகிறவருக்குத்தான் முழுக்கப் போகும். அதிக வாட் ஹாலஜன் போட்டாலும் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகுவதையும் கிண்ணம் கறுப்பதையும் அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். சுவரிலிருந்து லைட் வரை 7.5 மீட்டர், கயிறு வைத்து அளந்தது. தரையிலிருந்து லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு. அதற்கு 7.5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. நான் வண்டியில் உட்கார்ந்து, வேலைக்கு எடுத்துப்போகும் பையையும் மாட்டிக்கொண்டேன். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி லைட் மேலே தூக்கும், அதனால் ஆள் இல்லாமல் அளந்தால் தப்பாகிவிடும். டிம் போட்டுப் பார்த்தால் என் லைட் கீழ்க்கோட்டுக்கும் ரொம்பக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்தபோது திரும்பியதா, அதற்கு முன்பே அப்படித்தானா, தெரியாது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் உட்காரும்படி தம்பி திருப்பி வைத்தான்.

அப்புறம் ரோட்டுக்குப் போனோம். தம்பியைக் கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு ஓரத்தில் நிற்கச் சொன்னேன். நான் வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்க, அவன் கயிற்றளவு கயிற்றளவாகப் பின்னால் போனான். “தெரியுதாண்ணே? இப்பத் தெரியுதா?” என்று அவன் கேட்கிற சத்தம் வரும், ஆள் தெரியமாட்டான். டிம்மில் 40 மீட்டர் வரை தெரிந்தான். முன்பு 30 கூட இல்லை. அப்புறம் போர்வையை எடுத்துவிட்டு அப்பாவின் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றான். 70 மீட்டரிலும் ஆள் அசைவது தெரிந்தது. ஒரே லைட், ஒரே ஆள், துணி மட்டும்தான் வேறு. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. லைட் வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். தனக்கு எத்தனை மீட்டர் பற்றாக்குறை என்று தெரியாமல் எந்த லைட் வேண்டும் என்று தெரியாது.

எனக்கு டிம்மில் இனிமேல் பெரிய குறை இல்லை. ஹை பீமில்தான் இன்னும் தூரம் வேண்டியிருந்தது. ஆகவே எதிரே ஆள் இல்லாதபோது மட்டும் எரிகிற, தூரத்துக்குப் போகிற, குறுகலான ஸ்பாட் லைட் எனக்கு வேண்டியது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று. அந்த பார் ஏன் உதவவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அது வெளிச்சத்தை அகலமாகப் பரப்பிச் சக்கரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் கொட்டியது. பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு தூரத்தில் இருக்கிற மங்கலான பொருள் கண்ணில் படாது. பகல் போல இருக்கிறது என்ற தைரியத்தில் வேகம் மட்டும் கூடிவிடும். பக்கத்து வெளிச்சம் கூடக் கூடத் தூரம் தெரியாமல் போகிறது என்பதை இப்போது ஒவ்வொரு இரவும் கண்ணால் பார்க்கிறேன்.

பெட்டியில் போடுகிற லூமென் கணக்கு, லைட்டிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பது. அது எங்கே போகிறது என்று அதில் இருக்காது. அதைச் சொல்வது கேண்டெலா, ஒரு திசையில் எவ்வளவு அழுத்தமாக வெளிச்சம் போகிறது என்கிற அளவு. போய் விழுகிற இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பது லக்ஸ். 10,000 கேண்டெலா இருக்கிற லைட் 100 மீட்டரில் 1 லக்ஸ் வெளிச்சம் தரும், 50 மீட்டரில் 4 லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். பௌர்ணமி நிலா கால் லக்ஸ் அளவுதான், அதை வைத்து மனதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பீம் எத்தனை டிகிரி என்பதையும் பார்க்க வேண்டும். பத்து டிகிரி பீம் 80 மீட்டர் தூரத்தில் 14 மீட்டர் அகலத்துக்கு விரியும். எங்கள் ரோட்டுக்கும் இரண்டு பக்கக் கரைக்கும் அதுவே தாராளம்.

வாட் கணக்கை நம்பவே வேண்டாம். 120 வாட் என்று போட்டிருந்த அந்த பாரை எலெக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்து அளந்தபோது 1.4 ஆம்பியர்தான் இழுத்தது. 20 வாட்கூட இல்லை. கடையில் வாங்கும்போது சுவரில் அடித்துக் காட்டச் சொல்லி, வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் அது என்ன உருவத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பாட் என்றால் நடுவில் அழுத்தமாக ஒரு வட்டம் விழ வேண்டும். பனி மூட்டத்துக்கான ஃபாக் லைட் என்றால் அகலமாக, மேலே கோடு கிழித்த மாதிரி வெட்டுப்பட்டு விழ வேண்டும். இரண்டும் இல்லாமல் சுவர் முழுக்கப் பரவினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். எத்தனை எல்இடி இருக்கிறது என்று எண்ணுவதில் பயனே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சரியான லென்ஸ் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நான் கடைசியில் எடுத்தது ஒரு ஜோடி சின்ன ஸ்பாட், ஒவ்வொன்றும் உண்மையாகவே 20 வாட். பின்னால் கனமான அலுமினிய மடிப்புகள் இருந்தன. எல்இடி சூடானால் வெளிச்சம் இறங்கும், அந்த மடிப்புகள்தான் சூட்டை வெளியே தள்ளுகின்றன. தண்ணீர் புகாத தரம் ஐபி 67. ஐப்பசி கார்த்திகை மழையில் தினம் நனைகிற வண்டிக்கு அதற்குக் குறைந்து வாங்கக் கூடாது. ஜோடி 3,200 ரூபாய். அந்த பார் வாங்கிய 700 வீண்தான்.

பைக் கரண்ட் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். என் பேட்டரி 12 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர். ஹெட்லைட்டும் இந்த ஜோடியும் சேர்ந்து 75 வாட். எஞ்சின் சார்ஜ் கொடுக்காவிட்டால் பேட்டரி மட்டும் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. எல்லா லைட்டையும் எரியவிட்டு, ஓட்டுகிற அளவு ரேஸில் பேட்டரியை அளந்தால் 13.8 இருந்தது, அதனால் கவலையில்லை. அந்த நிலையில் 13-க்குக் கீழே இறங்கினால் லைட் பைக்குக்குப் பெரிது என்று அர்த்தம்.

வயரிங்கில் ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஹை பீம் எரிந்தால்தான் ஸ்பாட் எரிய வேண்டும், டிம் அடித்தால் தானாக அணைய வேண்டும். அந்தப் பெரியவர் சரிவில் இறங்கிய இரவு, பாருக்குத் தனி சுவிட்ச் இருந்தது. அவரைப் பார்த்ததும் என் கட்டைவிரல் பழக்கத்தில் டிம் சுவிட்சைத்தான் தட்டியது, பார் எரிந்துகொண்டே இருந்தது. மனிதக் கை அவசரத்தில் இரண்டு சுவிட்ச் தேடாது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர், 87-லிருந்து லைட்டுக்கு. 86-க்கு ஹை பீம் வயரிலிருந்து ஒரு இழுப்பு, 85 ஒரு சின்ன சுவிட்ச் வழியாக எர்த். அந்த சுவிட்ச் ஊருக்குள் போகும்போது ஸ்பாட்டை முழுக்க நிறுத்தி வைக்க மட்டும். இரண்டு லைட்டும் சேர்ந்து 3 ஆம்பியர்தான் இழுக்கிறது, 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையில் இருக்கிற வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆளில்லை. எர்த்தை எலெக்ட்ரீஷியன் அண்ணன் பெயின்ட் அடித்த சேசிஸில் முறுக்காமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனார். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற குழாய் போட்டது. ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் மட்டும் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டார். இழுத்துக் கட்டினால் ஆறே மாதத்தில் உள்ளே செம்பு அறுந்துவிடுமாம்.

மாட்டும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தோம். லெக் கார்டில் தாழ்வாக மாட்டினால் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து நன்றாகத் தெரியும், ஆனால் தூரம் குறையும், மெல்லிய கம்பியென்றால் வெளிச்சம் நடுங்கும். எனக்குத் தூரம்தான் தேவை, அதனால் ஹெட்லைட்டுக்கு இரண்டு பக்கமும் மாட்டினோம். ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவதால் வளைவுகளில் உதவுகிறது. திரும்பவும் பள்ளிக்கூடச் சுவர், திரும்பவும் போர்வையோடு தம்பி. இந்த முறை 95 மீட்டரில் தெரிந்தான். 60-ல் போனாலும் நிற்க 53 மீட்டர் போதும். ஆனால் எதிரே வண்டி வந்து டிம் அடித்துவிட்டால் திரும்பவும் 40 மீட்டர்தான், அதனால் டிம் அடித்தவுடன் ஆக்ஸிலரேட்டரையும் விட்டுவிடுகிறேன். எதிர் லைட்டைப் பார்க்காமல் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுகிறேன். அந்த வண்டி கடந்த பிறகும் நாலைந்து நொடி கண் இருட்டாகத்தான் இருக்கும். தார்ப்பாய்க் கல்லில் நான் ஏறி விழுந்தது அந்த நொடிகளில்தான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதைத் தடுக்கிறது, கண்ணைக் கூச வைக்கிற லைட்டுக்குச் சோதனையில் அபராதமும் உண்டு. மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கண்டியூர் வரை ஸ்பாட் மேல் கவர் போட்டே வருகிறேன்.

மார்கழி, தையில் வெட்டாற்றுப் பாலத்தில் பனி மூட்டம் இறங்கும் நாட்களில் ஸ்பாட்டும் ஹை பீமும் உதவாது. போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். நீர்த்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. மஞ்சள் லைட் என்றால் பனியைத் துளைக்கும் என்று பலர் சொல்வார்கள். பனித்துளி அளவுக்கு முன்னால் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான். ஃபாக் லைட் உதவுவது தாழ்வாக மாட்டி, மேல்பக்கம் வெட்டுப்பட்டிருப்பதால். என்னிடம் ஃபாக் லைட் இல்லை, வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் டிம் போட்டு 25-ல் மெதுவாகப் போய்விடுகிறேன். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் தினம் ஓட்டுகிறவர்கள் கணக்கு வேறு, அவர்களுக்கு ஸ்பாட்டைவிட ஃபாக் லைட்தான் முதலில்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன், வருத்தமாகக்கூட இருந்தது. என் ஹெல்மெட் வைசர் நாலு வருடப் பழையது, பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் எதிர் லைட் பட்டால் அதிலிருக்கிற ஒவ்வொரு கீறலும் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். புது வைசர் 350 ரூபாய். மாற்றிய அன்று இரவு ரோடே வேறு மாதிரி இருந்தது. அதே வாரம் மருத்துவமனையிலேயே கண் பரிசோதனைக்கும் உட்கார்ந்தேன். இடது கண்ணில் முக்கால் பவர் குறை. பகலில் தெரியாத சின்னக் குறை, இருட்டில் கண்மணி விரியும்போது பெரிதாகத் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். வைசர், மூக்குக் கண்ணாடி, ரிலே, சுவரில் சாக்பீஸ் கோடு: இந்த நாலையும் செய்துவிட்டுப் பார்த்தால் பலருக்கு எக்ஸ்ட்ரா லைட்டே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

மீந்த பணத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கினேன். அந்தப் பெரியவரைத் தேடிப் போய், அவர் சைக்கிள் மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டினேன். முன்பக்கத்துக்கு வெள்ளையும் ஒன்று. அவர் தெருவில் இன்னும் நாலு சைக்கிள், இரண்டு டிராக்டர் டிரெய்லர் வந்து நின்றன. வைக்கோல் ஏற்றினால் பின்விளக்கு மூடிக்கொள்ளும், அதனால் டிரெய்லருக்கு அடிச்சட்டத்தில் ஒட்டினோம். டிம் வெளிச்சத்திலேயே 100 மீட்டருக்கு அப்பால் அந்தச் சிவப்பு தெரிகிறது. அறுவடை நேரத்தில் தார்ப்பாய் மேல் வைக்கிற கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கும்படியும் எங்கள் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். சிலர் செய்கிறார்கள்.

தம்பிக்கு இப்போது கும்பகோணத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அவனுக்கும் இரவு ஷிப்ட் வரும். “எனக்கும் அந்த மாதிரி ஒரு ஜோடி லைட் வாங்கிக் குடுண்ணே” என்று கேட்டான். முதலில் வைசரை மாற்று, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பள்ளிக்கூடச் சுவருக்குக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை கறுப்புப் போர்வையோடு நிற்கப் போவது நான்.